அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் குமரி மாவட்டத்தவர், ஊரிலுள்ள உறவையும் சொத்தையும் கணக்கெடுத்து எழுதுவது எப்படி

குமரி மாவட்டத்தில் பிறந்து, பொறியியலோ கணினியோ படித்து, அமெரிக்காவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டவர்களில் சிலர், வேலை மாறும் நேரத்தில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்ற சொல்லை முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். அரசின் இரகசியத் தகவல்களைக் கையாளத் தகுதியுடையவர் இவர் என்று, அந்த அரசே ஒருவருடைய வாழ்க்கையை விசாரித்து முடிவு செய்வதுதான் இந்தப் பாதுகாப்பு அனுமதி. அப்போது மனத்தில் எழும் முதல் அச்சம் ஏறத்தாழ எல்லாருக்கும் ஒன்றுதான்: அம்மாவும் அப்பாவும் தக்கலையில் இருக்கிறார்கள், அண்ணன் குவைத்தில் இருக்கிறார், என் பெயரில் பதினைந்து சென்ட் நிலம் கிடக்கிறது, எனக்கு எப்படிக் கிடைக்கும்? இந்த அச்சத்தால் நல்ல வேலையை வேண்டாம் என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். படிவத்தில் சில கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு, பின்னால் விசாரணையில் திணறியவர்களையும் தெரியும். முதல் வகையினர் இழந்தது ஒரு வாய்ப்பை மட்டும். இரண்டாம் வகையினர் இழந்தது நம்பகத்தன்மையை. வெளிநாட்டில் உறவும் சொத்தும் இருப்பது விளக்கம் சொல்லித் தீர்க்கக்கூடிய செய்தி, மறைத்தது தெரியவந்தால் விளக்கம் எடுபடாது என்பதே இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படை.

நம் ஊரில் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலோ கூடங்குளம் அணுமின் நிலையத்திலோ வேலை கிடைத்த பிள்ளையின் வீட்டுக்குப் போலீஸ் விசாரணை வருவதைப் பலரும் பார்த்திருப்போம். அங்கேயும் சான்றுறுதிப் படிவத்தின் தலைப்பிலேயே, உண்மையை மறைத்தால் அதுவே தகுதியின்மை ஆகும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க முறை அதைவிடப் பல மடங்கு நீளமானது என்றாலும், அடிநாதம் அதேதான்.

யார் கேட்கலாம், எதை வைத்து அளக்கிறார்கள்

இந்த அனுமதிக்குத் தனிநபர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. அரசுத் துறையோ, அதன் ஒப்பந்த நிறுவனமோ ஒரு வேலைக்காக நம் பெயரை முன்மொழிய வேண்டும். 1995-இல் வெளியான 12968-ஆம் ஆட்சியாணையின்படி, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே இது வழங்கப்படும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அமெரிக்க இராணுவத்தில் சேரலாம். ஆனால் இந்த அனுமதி தேவைப்படும் பணிக்குக் குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டும். கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என மூன்று நிலைகள் உண்டு. எஸ்.எஃப்.-86 என்னும் நீண்ட கேள்விப் படிவத்தை இ-ஆப் என்ற இணையத் தளத்தில் நிரப்பிக் கொடுத்ததும், பெரும்பாலும் டி.சி.எஸ்.ஏ. என்ற அமைப்பு விசாரணையை நடத்துகிறது.

எடைபோடுவதற்கு 13 நெறிகள் உள்ளன. 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் எஸ்.இ.ஏ.டி.-4 என்ற ஆணை அவற்றை 'ஏ' முதல் 'எம்' வரை எழுத்து வரிசையில் வகுத்திருக்கிறது. நமக்கு முதன்மையானது வெளிநாட்டுச் செல்வாக்கைப் பற்றிய 'பி' நெறி. வேறொரு நாட்டின்மேல் கூடுதல் பற்றுக் காட்டுவதைப் பற்றிய 'சி' நெறியும், நேர்மையைப் பற்றிய 'இ' நெறியும், பண விவகாரம் பற்றிய 'எஃப்' நெறியும் அதனோடு கைகோத்து வரும்.

'பி' நெறி கேட்கும் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கிவிடும். வெளிநாட்டில் உறவினர் இருக்கிறாரா என்பதோடு அது நிற்பதில்லை. அந்த உறவினர் வழியாகவோ அந்தச் சொத்து வழியாகவோ உங்களை யாரேனும் வளைக்கவோ மிரட்டவோ ஆசை காட்டவோ, வழக்கத்துக்கு மேற்பட்ட ஆபத்து இருக்கிறதா என்று அது கேட்கிறது. அந்த நாட்டின் அரசு எத்தகையது, உறவினர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு நெருக்கம், அமெரிக்காவில் உங்கள் வேர் எவ்வளவு ஆழமாகப் பிடித்திருக்கிறது, இரண்டு நலன்கள் மோதினால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு எடுக்கிறார்கள். திங்கள்சந்தையில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஒரு தாய்க்கு மாதம் இருபதாயிரம் ரூபாய் அனுப்புவதும், ஒரு வெளிநாட்டு அரசின் ஆயுதத் தொழிற்சாலையில் உயர் பதவியில் இருக்கும் தமையனோடு தினமும் பேசுவதும் ஒரே எடை பெறுவதில்லை. ஆனாலும் ஐயம் மிஞ்சினால் அது நாட்டின் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்க்கப்படும் என்பதையும், இந்த அனுமதி யாருக்கும் உரிமை அன்று என்று 1988-இல் ஈகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உறவினர் பட்டியல்

படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஊருக்குத் தொலைபேசியில் பேசி, உறவினர் பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் பிரிவு தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார், மாமியார், மாற்றாந்தாய் போன்ற வரையறுத்த உறவுகளை, அவர்கள் உயிரோடு இல்லாவிட்டாலும், கேட்கிறது. 19-ஆம் பிரிவு வேறு வகையானது. பாசத்தாலோ செல்வாக்காலோ பொதுவான ஈடுபாட்டாலோ கடமையாலோ உங்களோடோ உங்கள் துணையோடோ கட்டுண்டு, கடந்த ஏழு ஆண்டுகளில் நெருங்கிய அல்லது தொடர்ந்த தொடர்பில் இருக்கும் வெளிநாட்டவரை அது கேட்கிறது.

இங்கே நம் மொழியே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் நமக்கு அண்ணன் தம்பிகள்தாம். அப்படித்தான் அழைத்து வளர்ந்திருக்கிறோம். தாயின் உடன்பிறந்தவரும் மாமா, மனைவியின் தந்தையும் மாமா. விசாரணை அதிகாரியிடம் பேசும்போது, பழக்கத்தில் "என் பிரதர் குவைத்தில் இருக்கிறார்" என்று ஒருவர் சொல்லிவிட, படிவத்தின் 18-ஆம் பிரிவில் அப்படி ஒரு சகோதரரே இல்லாதிருந்தால், ஒரு உறவை மறைத்ததாகவே எதிரே இருப்பவர் எண்ண இடமுண்டு. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவை விரித்து எழுதுங்கள்: தந்தையின் தம்பி மகன், தாயின் தமக்கை கணவர், அண்ணன் மனைவியான மைனி என்று. உடன்பிறந்தவர் 18-இல் வருவார். ஒன்றுவிட்ட சகோதரரோடு நெருக்கம் இருந்தால் அவர் 19-இல் வருவார். அறுபது பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவை முழுவதும் எழுத வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். குழுவில் இருப்பது அளவுகோல் ஆகாது. தனியாகப் பேசுகிறீர்களா, பணம் கொடுக்கல் வாங்கல் உண்டா, ஊருக்குப் போனால் அவர் வீட்டில் தங்குகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தால் உண்மையான பட்டியல் பத்துப் பன்னிரண்டு பேருக்குள் வந்து நிற்கும். எல்லையில் நிற்பவரைச் சேர்த்து எழுதுவதே மேல் என்பது என் துணிபு.

பெயரும் பிறந்த தேதியும் அடுத்த தொல்லை. பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் எழுதிய தேதி ஒன்றாகவும், ஞானஸ்நானப் பதிவில் உள்ளது இன்னொன்றாகவும், ஆதாரில் உள்ளது வேறொன்றாகவும் இருக்கும் பெற்றோர் நம் மாவட்டத்தில் ஏராளம். முன்னெழுத்துச் சில ஆவணங்களில் விரிந்தும் சிலவற்றில் சுருங்கியும் இருக்கும். வீட்டுப் பெயர் சிலவற்றில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடி ஒன்றை முதன்மையாக எழுதிவிட்டு, மற்ற வடிவங்களைக் குறிப்புப் பகுதியில் சொல்லுங்கள். தேதி உறுதியாகத் தெரியாத இடத்தில் உத்தேசம் எனக் குறிக்கும் வசதி படிவத்திலேயே இருக்கிறது. விசா விண்ணப்பத்திலும் கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் என்ன எழுதினீர்களோ, அந்தப் பழைய நகல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். வேறுபாடு இருந்தால் அதை நீங்களே முதலில் சுட்டிக் காட்டுங்கள்.

உறவினரின் வேலை, நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை, மிகுந்த கவனம் வேண்டும் இடம். வெளிநாட்டு அரசோடு தொடர்புடையவரா என்று படிவம் கேட்கும்போது, அங்கே வெளிநாட்டு அரசு என்பது இந்திய அரசும் தமிழக அரசும்தான். அரசுப் பள்ளி ஆசிரியை, மின்வாரிய ஊழியர், அரசுப் பேருந்து நடத்துநர் எல்லாருமே அந்தக் கேள்விக்குள் வருவார்கள். அப்படி எழுதுவதால் அவர்கள் சந்தேகத்துக்கு உரியவர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மேற்கே தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், உள்ளேயே மணவாளக்குறிச்சியில் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலை என்று, ஒரு சராசரிக் குடும்பத்தில்கூட இவற்றில் ஒன்றில் யாராவது இருப்பார்கள். இந்தியன் ரேர் எர்த்ஸ் என்ற பெயரில் இந்த ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்து, 2025 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. அந்தப் பட்டியல் தனிநபர் அனுமதிக்கானது அல்ல என்றாலும், நமக்குப் பக்கத்து வீட்டு வேலையாகத் தோன்றுவது அங்கே எந்தக் கண்ணோடு பார்க்கப்படும் என்பதை அது உணர்த்துகிறது. எனவே தந்தை அங்கே கேன்டீன் மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றவர் என்றால், நிறுவனப் பெயரோடு நிறுத்தாமல், பதவியையும் ஓய்வுபெற்ற ஆண்டையும் எழுதுங்கள். வெறும் நிறுவனப் பெயர் தேவையற்ற கற்பனைக்கு இடம் கொடுக்கும். அதே நேரம், பணியில் இருப்பவரிடம் அவர் செய்யும் வேலையின் நுட்பத்தைத் துருவிக் கேட்க வேண்டாம். பதவியும் அலுவலக முகவரியும் போதும். அதற்கு மேல் கேட்பது அவருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

வளைகுடாவில் இருப்பவருக்கு மூன்று செய்திகளைத் தனித்தனியாக எழுத வேண்டும்: குடியுரிமை இந்தியா, வசிப்பது குவைத், வேலை கொடுப்பவர் யார் என்பது. வேலை கொடுப்பது ஓர் எண்ணெய் நிறுவனமாகி, அது அந்நாட்டு அரசுக்குச் சொந்தமானதாக இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.

பணமும் நிலமும்

20-ஆம் பிரிவின் முதற்பகுதி நிதித் தொடர்புகளைக் கேட்கிறது. இதில் "எப்போதாவது" என்ற சொல்லைக் கூர்ந்து கவனியுங்கள். ஏழு ஆண்டு எல்லை இங்கே இல்லை. உங்களுக்கோ துணைக்கோ உங்களைச் சார்ந்த பிள்ளைகளுக்கோ வெளிநாட்டில் வங்கிக் கணக்கு, பங்கு, முதலீடு, நிலம், வீடு இருந்ததுண்டா, இனி வரும் என்று எதிர்பார்க்கிறீர்களா, வெளிநாட்டவர் யாருக்காவது பண உதவி செய்ததுண்டா என்பவை கேள்விகள்.

நான் முதல் முறை பட்டியல் எடுத்தபோது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கையும் என்.ஆர்.ஓ. கணக்கையும் மட்டுமே எழுதினேன். கல்லூரியில் படித்த காலத்தில் அம்மாவோடு சேர்ந்து ஒரு வங்கிக் கிளையில் திறந்த கூட்டுக் கணக்கு, நான் வெளிநாடு போன பிறகும் சாதாரணச் சேமிப்புக் கணக்காகவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் அம்மா தன் ஓய்வூதியத்தைச் சேர்த்து நிரந்தர வைப்பாகவும் போட்டிருந்தார். பணம் முழுவதும் அவருடையது. ஆனால் பெயரில் நானும் இருந்தேன். அதைப் பற்றி மூன்றாம் தொலைபேசி உரையாடலில்தான் எனக்குத் தெரியவந்தது. எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதனால் "எனக்குக் கணக்கு எதுவும் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "என் பெயர் எழுதிய பாஸ்புக்கோ வைப்புச் சான்றோ வீட்டு அலமாரியில் இருக்கிறதா, எடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். பெங்களூரில் வேலை பார்த்த காலத்து வருங்கால வைப்புநிதி, தபால் நிலையச் சேமிப்பு, காப்பீட்டுப் பத்திரம், இந்திய மியூச்சுவல் ஃபண்ட், கூட்டுறவுச் சங்கப் பங்கு எல்லாம் இப்படித் தேடினால்தான் வெளிவரும்.

இதோடு வரிக் கணக்கும் பின்னிக் கிடக்கிறது. உங்கள் பெயருள்ள எல்லா வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டின் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், ஃபின்சென் 114 என்னும் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவோடு உள்ள கூட்டுக் கணக்கும், கையெழுத்து அதிகாரம் மட்டும் உள்ள கணக்கும் இதில் அடங்கும். தனிநபராக அமெரிக்காவில் வசிப்பவரின் வெளிநாட்டு நிதிச் சொத்து ஆண்டின் கடைசி நாளில் 50,000 டாலரையோ, இடையில் எப்போதாவது 75,000 டாலரையோ தாண்டினால் 8938-ஆம் படிவமும் உண்டு. என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அமெரிக்காவிலும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு, அங்கே அது வரிக்குரிய வருமானம். பழைய ஆண்டுகளில் இவை விடுபட்டிருந்தால், எஸ்.எஃப்.-86-ஐ அனுப்புவதற்கு முன்பே, வெளிநாட்டுக் கணக்குகளில் பழக்கமுள்ள வரி ஆலோசகரைப் பார்த்துத் திருத்தத் தாக்கலைத் தொடங்கிவிடுங்கள். தானாக முன்வந்து திருத்தியவருக்கும் பிடிபட்டபின் திருத்தியவருக்கும் 'எஃப்' நெறியில் பெரிய வேறுபாடு உண்டு.

நிலத்தைப் பற்றி அமைதியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, அனுபவிப்பவர் யார் என்ற மூன்றும் நம் ஊரில் ஒன்றாக இருப்பது அரிது. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூரோடு இருந்ததால், தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும். இந்துக் குடும்பங்களில் பூர்விகச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு உண்டு. 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் நாடு முழுவதும் மகள்களுக்கும் அது உண்டு. கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்களில் பெற்றோரின் மறைவுக்குப் பிறகே உரிமை பிறக்கிறது. ஆகையால், குலசேகரத்தில் உள்ள இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் ஒருவருக்கு இப்போதே உள்ள சொத்தாகவும், இன்னொருவருக்கு இனி எதிர்பார்க்கும் சொத்தாகவும் இருக்கும். இரண்டையும் படிவம் கேட்கிறது. எது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மதிப்பை அரசு வழிகாட்டி மதிப்பின்படி எழுதினீர்களா, சந்தை விலைப்படி எழுதினீர்களா என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

இந்தச் சொத்து எவ்வளவு பெரியது என்பது தனியாகப் பார்க்கப்படுவதில்லை. அமெரிக்காவில் உள்ள வீடு, ஓய்வூதியச் சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றோடு ஒப்பிடப்படுகிறது. ஆகவே அங்குள்ள சொத்துகளின் பட்டியலையும் ஆதாரங்களோடு பக்கத்தில் வைத்திருங்கள். ஊரில் உள்ளது மொத்தச் சொத்தில் சிறு பகுதி என்றால், அது போனாலும் நீங்கள் நிலைகுலைய மாட்டீர்கள் என்பது எண்களிலேயே தெரிந்துவிடும். அனுமதிக்காகப் பரம்பரை நிலத்தை அவசரமாக விற்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. மைத்துனர் பெயருக்கு மாற்றிவைத்து மறைப்பதோ கொடிய தவறு: இந்தியாவில் அது பினாமிச் சட்டத்தில் போய் விழும், அமெரிக்கப் படிவமோ, பிறர் உங்களுக்காக வெளிநாட்டில் வைத்திருக்கும் சொத்தையும் தனியாகக் கேட்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஆண்டுவாரியாக ஒரு கணக்கு எழுதுங்கள். அம்மாவின் மருந்துச் செலவு, தங்கை கல்யாணம், தம்பியின் கல்லூரிக் கட்டணம் என்று காரணத்தோடு எழுதினால் தொகை பெரியதாக இருந்தாலும் புரியும். எப்போதாவது குழல்பணமாக, அதாவது வங்கி வழியன்றி ஹவாலாவாக, அனுப்பியிருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். வங்கிச் சீட்டு இல்லாத பணத்துக்கு எந்த விளக்கமும் நிற்காது.

கடவுச்சீட்டு, ஓ.சி.ஐ., பயணம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அன்றே, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடுகிறது. பழைய இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துப் பெற்ற சான்றின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்தக் கடவுச்சீட்டின் விவரத்தையும் படிவம் கேட்கும். ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா எனப்படும் ஓ.சி.ஐ. அட்டையின் பெயரில் குடிமகன் என்ற சொல் இருந்தாலும் அது வாக்குரிமையோ கடவுச்சீட்டோ தருவதில்லை. நீண்டகால விசாவைப் போன்றது. இருந்தாலும் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். குறிப்புப் பகுதியில் இரண்டு வரியில் அதன் தன்மையை விளக்கிவிட்டால் போதும். வெளிநாட்டுத் தேர்தலில் வாக்களித்ததுண்டா என்ற கேள்விக்கு, நாகர்கோவிலில் இருந்த காலத்தில் போட்ட வாக்கையும் ஆண்டோடு எழுதுங்கள். வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் கார்டிலும் இன்னும் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லி மனுக் கொடுத்து, அதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு ஏழு ஆண்டுக் கணக்கு. ஷார்ஜாவில் இறங்கி அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திருவனந்தபுரம் வந்தது ஒரு தனி நாட்டுப் பயணம் என்பதை மறக்கக் கூடாது.

நேர்காணலும் மறுப்பும் அதற்குப் பின்னும்

விசாரணை அதிகாரி நேரில் கேட்கும்போது, தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். தெரியாததை ஊகிக்காமல், கேட்டு எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். விடுபட்டது நினைவுக்கு வந்தால், அவர் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் முதல் வாக்கியமாகவே அதைச் சொல்லுங்கள். தெரிந்தே பொய் சொன்னால் ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு என்பது படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஒப்பந்த நிறுவன ஊழியர் ஒருவருக்கு அனுமதியை மறுக்க அரசு எண்ணினால், காரணங்களைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை வரும். அது கையில் கிடைத்த 20 நாளுக்குள் ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். நீதிபதி முன் நேரில் விசாரணை வேண்டும் என்றும் கேட்கலாம். பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகம் தன் தீர்ப்புகளை, விண்ணப்பதாரர் பெயரை நீக்கி, இணையத்தில் வெளியிடுகிறது. இந்தியாவில் பிறந்தவர்களின் வழக்குகளை நாலைந்து படித்துப் பார்த்தால், எந்த ஆதாரம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்பது விளங்கும். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போக வேண்டாம்.

அனுமதி கிடைத்த பிறகும் கடமை தொடர்கிறது. 2017 ஜூன் 12 முதல் நடைமுறையில் உள்ள எஸ்.இ.ஏ.டி.-3 ஆணையின்படி, சொந்தக் காரியமாக ஊருக்கு வருவதானாலும் புறப்படுவதற்கு முன் தெரிவிக்க வேண்டும். டாப் சீக்ரெட் நிலையில் இருப்பவர், வெளிநாட்டில் புதிய கணக்குத் திறந்தாலும், சொத்து வந்து சேர்ந்தாலும், 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் வழக்கமற்ற பணம் கைக்கு வந்தாலும் சொல்ல வேண்டும். அப்பா மறைந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும் அந்தத் துயரமான வாரத்தில் இதெல்லாம் நினைவுக்கு வராது. ஆகவே உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலருடைய மின்னஞ்சல் முகவரியை, சொத்து விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் உடன்பிறந்தவரிடம் முன்பே கொடுத்து, பட்டா உங்கள் பெயருக்கு மாறும் நாளில் உங்களுக்கு நினைவூட்டச் சொல்லி வையுங்கள்.